எழுதியது ஒன்று, ஓடியது ஒன்று: கான்ஃபிக் சிக்கல்களை அறிகுறி வைத்துப் பிடிப்பது

தரவுப் பகுப்பாய்வு பைப்லைனில் விடை தப்பாக வந்தால் முதல் சந்தேகம் கணக்கின்மேல்தான் விழும். குரூப் செய்தது சரியா, ஜாயின் சரியா என்று தேடியே அரை நாள் போய்விடும். கடைசியில் பார்த்தால் கான்ஃபிக் ஃபைலில், அதாவது நிரலுக்கான அமைப்பு மதிப்புகளை எழுதி வைக்கும் ஃபைலில், வரம்பு 0.7 என்று இருக்கும், நிரலுக்குள் 0.5 ஓடிக்கொண்டிருக்கும். கான்ஃபிக் பிழைகள் பெரும்பாலும் ஃபைலிலும் இல்லை, நிரலிலும் இல்லை. ஃபைலில் எழுதியது நிரலின் கைக்குப் போய்ச் சேரும் வழியில் இருக்கின்றன.

அறிகுறிகளைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் பகுதியைத் தாண்டாதீர்கள். உதாரணங்கள் பைத்தானையும் யாமல் (கீயும் மதிப்பும் வரிவரியாக எழுதும் ஒரு கான்ஃபிக் வடிவம்) ஃபைலையும் வைத்துச் சொன்னவை. கட்டளைகளையும் கீ பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

எல்லா மூலங்களையும் சேர்த்து முடித்த பிறகு, முதல் தரவு ஃபைலைத் திறப்பதற்கு முன், நிரல் தன் கையில் இருக்கும் இறுதி கான்ஃபிக்கை லாகில் எழுத வேண்டும். ஒவ்வொரு கீக்கும் மதிப்பு, அதன் டைப், அது எங்கிருந்து வந்தது (இயல்பு மதிப்பா, ஃபைலா, இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் சூழல் மாறியா, கமாண்ட் லைனா) என்ற மூன்றும் வேண்டும். கூடவே படித்த கான்ஃபிக் ஃபைலின் முழுப் பாதை, நிரல் ஓடும் டைரக்டரி.

மதிப்பை வெறும் பிரிண்ட் போட்டுப் பார்க்காதீர்கள், பைத்தானின் ரெப்ர் ஃபங்ஷன் வழியாகப் பாருங்கள். பிரிண்ட் போட்டால் 5 என்ற எண்ணும் 5 என்ற எழுத்துச்சரமும் ஒரே மாதிரி தெரியும். ரெப்ர் போட்டால் எழுத்துச்சரத்துக்கு மேற்கோள் குறி வரும். கடைசியில் ஒட்டியிருக்கும் காலி இடமும் கண்ணில் படும். பாஸ்வேர்டு, டோக்கன் போன்றவற்றை மட்டும் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுங்கள். கீழே இருப்பவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு லாகைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிடும்.

அறிகுறி: மதிப்பை மாற்றினேன், விடை அசையவே இல்லை

முதல் கேள்வி, நீங்கள் திருத்திய ஃபைலைத்தான் நிரல் படிக்கிறதா? சோதனை எளிது. ஃபைலின் நடுவில் யாமலுக்கு ஒத்தே வராத குப்பை ஒரு வரி, உதாரணமாக மூடாத ஒரு அடைப்புக்குறி, போட்டுவிட்டு ஓட்டுங்கள். நிரல் எரர் கொடுத்து நின்றால் அதே ஃபைல்தான். ஒன்றுமே நடக்காதது போல ஓடி முடித்தால் அது வேறு எங்கோ படிக்கிறது. உங்கள் புராஜெக்டை பேக்கேஜாக பிப் மூலம் நிறுவும்போது எடிட்டபிள் முறையில் நிறுவாமல் விட்டிருந்தால், கான்ஃபிக் ஃபைலின் ஒரு நகல் சைட்-பேக்கேஜஸுக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் திருத்துவது வேறு, அது படிப்பது வேறு. டாக்கரிலும் இதே கதைதான்: இமேஜ் கட்டும்போது உள்ளே நகலெடுத்த ஃபைல், வெளியே நீங்கள் திருத்தியதை அறியாது. திரும்பக் கட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த ஃபைலை வெளியிலிருந்து மவுன்ட் செய்ய வேண்டும்.

ஃபைல் சரிதான் என்றால், அதற்கு மேலே உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். வழக்கமான வரிசை: இயல்பு மதிப்பு, அதன்மேல் ஃபைல், அதன்மேல் சூழல் மாறி, எல்லாவற்றுக்கும் மேல் கமாண்ட் லைன். என்றோ ஒருநாள் சோதனைக்காக டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்த மாறி இன்னும் உயிரோடு இருந்தால் ஃபைலில் என்ன எழுதினாலும் அதுதான் ஜெயிக்கும். டாட்-என்வ் ஃபைல் (சூழல் மாறிகளை எழுதி வைக்கும் ஃபைல்) பயன்படுத்துபவர்கள் பலர் இங்கே ஏமாறுகிறார்கள்: பைத்தான்-டாட்என்வ் லைப்ரரி ஏற்கெனவே சூழலில் இருக்கும் மாறியைத் தானாக மாற்றாது. டாட்-என்வ் மதிப்பு ஜெயிக்க வேண்டும் என்றால் ஓவர்ரைடு என்ற அளவுருவை ட்ரூ என்று கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். சர்வரில் நிர்வாகி வைத்த மாறியை உங்கள் ஃபைல் அழித்துவிடும். எனக்குப் பிடித்தது இயல்பான நடத்தைதான்.

அடுத்தது எழுத்துப்பிழை. திரெஷோல்டு என்பதில் ஒரு ஹெச்சை விட்டுவிட்டீர்கள். நிரல் அகராதியிலிருந்து கெட் வழியாக, இல்லையென்றால் 0.5 என்று எடுக்கிறது. கீ கிடைக்கவில்லை, 0.5 கிடைத்தது, எரரும் இல்லை. மதிப்புகளைச் சரிபார்க்கும் பைடான்டிக் லைப்ரரியின் மாடல் வைத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது: தெரியாத கீ வந்தால் அதைப் பேசாமல் விட்டுவிடுவதே அதன் இயல்பு. எக்ஸ்ட்ரா என்ற அமைப்பை ஃபர்பிட் என்று வைத்தால்தான் அது கத்தும். கட்டாயம் வையுங்கள். விடையைப் பாதிக்கும் எந்த மதிப்புக்கும் நிரலுக்குள் இயல்பு மதிப்பே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. கீ இல்லையென்றால் நிரல் நிற்கட்டும்.

ஒரே கீ ஃபைலில் இரண்டு முறை இருந்தால், யாமலைப் படிக்கும் பையாமல் லைப்ரரி எச்சரிக்காமல் கடைசியில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். நானூறு வரி ஃபைலில் மேலே திருத்திக்கொண்டிருப்பீர்கள், கீழே பழையது இருக்கும்.

நோட்புக்கில் வேலை செய்கிறீர்கள், கான்ஃபிக் ஒரு பைத்தான் மாட்யூலாக இருக்கிறது என்றால், பைத்தான் ஒரு முறை இம்போர்ட் செய்ததை நினைவில் வைத்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். செல்லை மறுபடி ஓட்டினாலும் பழைய மதிப்புதான். ரீலோடு செய்யலாம், ஆனால் ‘ஃப்ரம் கான்ஃபிக் இம்போர்ட்’ என்று தனித்தனியாக எடுத்த பெயர்கள் அப்போதும் பழையதாகவே இருக்கும். கெர்னலை ரீஸ்டார்ட் செய்வதுதான் சுத்தமான வழி.

இவை எதுவும் இல்லையென்றால் இடைநிலை ஃபைல்களைப் பாருங்கள். மேக் என்ற கட்டுமானக் கருவி ஃபைல்களின் மாற்ற நேரத்தை மட்டுமே ஒப்பிடும்; கான்ஃபிக் ஃபைலைச் சார்புப் பட்டியலில் சேர்க்காவிட்டால் வரம்பு மாறியது அதற்குத் தெரியாது, நேற்றைய இடைநிலை ஃபைலையே எடுத்துக்கொடுக்கும். சேர்த்தால் வேறு தொல்லை: ஒரு கமென்ட்டைத் திருத்தினாலும் முழு பைப்லைனும் ஓடும். டிவிசி போன்ற கருவிகளில், எந்தப் படிக்கு எந்தக் கீ வேண்டும் என்று பேர் சொல்லிக் கொடுக்கலாம். அந்தக் கீ மாறினால் மட்டும் அந்தப் படி ஓடும்.

அறிகுறி: எரர் டைப்பைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் ஃபைலில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது

இங்கேதான் நான் வாழ்க்கையில் அதிக நேரத்தைத் தொலைத்திருக்கிறேன். ஒரு பைப்லைனில் தினசரி வெட்டு நேரம் 09:30 என்று யாமலில் இருந்தது. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் அதை 10:30 ஆக்கினார்கள். அன்றிரவே ‘இன்ட் ஆப்ஜெக்டுக்கு ஸ்ப்ளிட் கிடையாது’ என்று நின்றது. நிரலில் யாரும் கைவைக்கவில்லை. மாறியது இரண்டே எழுத்து. அந்த மதிப்பை ரெப்ர் போட்டுப் பார்த்தபோது திரையில் 630 என்று வந்தது.

காரணம் யாமல் 1.1. அதில் முக்காற்புள்ளி போட்ட எண்கள் அறுபதின் அடிமானத்தில் படிக்கப்படும். 10 பெருக்கல் 60, கூட்டல் 30, ஆக 630. பூஜ்யத்தில் தொடங்கும் 09:30 அந்த விதிக்குள் வராததால் எழுத்துச்சரமாகவே தங்கிவிட்டது. காலை பத்து மணிக்கு முன் சரி, பத்து மணிக்குப் பின் தப்பு என்று நடக்கும் பிழையை யார்தான் ஊகிப்பார்கள்? தீர்வு மேற்கோள் குறிதான். நேரத்தை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

யாமல் 1.2 வெளிவந்தது 2009-இல். அதன் பொதுவான விதித்தொகுப்பில் இந்தக் குழப்பங்கள் பலவும் நீக்கப்பட்டுவிட்டன. ஆனால் பைத்தானில் பெரும்பாலோர் பயன்படுத்தும் பையாமல் இன்றும் 1.1 விதிப்படியே படிக்கிறது. அதனால் கீழே உள்ளவை பழங்கதை இல்லை.

யெஸ், நோ, ஆன், ஆஃப் என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் அவை ட்ரூ, ஃபால்ஸ் ஆகும். நாடுகளின் இரண்டெழுத்துக் குறிகளைப் பட்டியலிட்டால் நார்வே மட்டும் ஃபால்ஸ் ஆகிவிடுவது இதனால்தான். அதன் குறி ‘என்ஓ’. நம் வேலையில் இதைவிட அடிக்கடி கடிப்பது ஆன். பாண்டாஸ் மெர்ஜுக்கான அளவுருக்களை யாமலில் எழுதும்போது ‘ஆன்: கஸ்டமர்_ஐடி’ என்று கீயாகப் போட்டால், கீயே ட்ரூ என்ற பூலியன் ஆகிவிடும். பிறகு ஆன் என்ற கீயைத் தேடினால் கீஎரர். ஃபைலைத் திறந்து பார்த்தால் அது கண்முன்னே இருக்கும். கீக்கும் மேற்கோள் போடலாம், போடுங்கள்.

பூஜ்யத்தில் தொடங்கும் குறியீட்டு எண்கள் எட்டின் அடிமானத்தில் படிக்கப்படும். 010 என்பது 8 ஆகும், 0123 என்பது 83. அதே பட்டியலில் 08-ம் 09-ம் எட்டின் அடிமானத்தில் செல்லாதவை என்பதால் எழுத்துச்சரமாக நிற்கும். ஆக 01 முதல் 10 வரை குறியீடுகளை வரிசையாக எழுதினால் முதல் ஏழும் எண், அடுத்த இரண்டும் எழுத்துச்சரம், கடைசி ஒன்று மறுபடி எண். வடிகட்டியில் இரண்டு குறியீடுகள் மட்டும் பொருந்துகின்றன, மற்றவை காணோம் என்றால் இங்கே தேடுங்கள். இன்னொரு வேடிக்கை: ருவாமல் யாமல் லைப்ரரி இயல்பாக 1.2 விதியைப் பின்பற்றும், அது 010-ஐ 10 என்று படிக்கும். ஒரே ஃபைல், இரண்டு லைப்ரரி, இரண்டு மதிப்பு.

அறிவியல் குறியீடு தலைகீழ்ப் பிரச்சினை. 1ஈ-5 என்று எழுதினால் பையாமலுக்கு அது எண் இல்லை, எழுத்துச்சரம். நடுவில் புள்ளி வேண்டும்: 1.0ஈ-5. பெரிய எண்ணாக இருந்தால் கூட்டல் குறியும் வேண்டும், 1.0ஈ5 எழுத்துச்சரம், 1.0ஈ+5 எண். வரும் எரர், ஃப்ளோட்டையும் ஸ்ட்ரிங்கையும் ஒப்பிட முடியாது என்பது. எனவே சிறிய எண்களை 0.00001 என்று முழுதாகவே எழுதிவிடுகிறேன். அழகு போனால் போகட்டும்.

பதிப்பு எண் 3.10 என்று எழுதினால் 3.1 ஆகும். 2024-01-15 என்று எழுதினால் டேட் ஆப்ஜெக்ட் ஆகும். அதை ஜேசனாக எழுதப் போகும்போதுதான் ‘சீரியலைஸ் செய்ய முடியாது’ என்று வெடிக்கும். மதிப்பே எழுதாமல் கீயோடு முக்காற்புள்ளி மட்டும் விட்டால் நன், அதாவது மதிப்பு இல்லை என்பதற்கான பைத்தான் மதிப்பு. ஃபைலே காலியாக இருந்தாலும் காலி அகராதி வராது, நன்தான் வரும்.

கான்ஃபிக்கில் சரியாக எடுத்தும் தரவில் தொலைவது ஒன்று உண்டு: பாண்டாஸ் ரீட்_சிஎஸ்வி இயல்பாக ‘என்ஏ’ என்ற எழுத்துகளை விடுபட்ட மதிப்பாக எடுத்துக்கொள்ளும். நமீபியாவின் குறி அதுதான். கீப்_டீஃபால்ட்_என்ஏ என்பதை ஃபால்ஸ் ஆக்கி, எவையெல்லாம் விடுபட்டவை என்பதை நீங்களே கான்ஃபிக்கில் பட்டியலாகக் கொடுங்கள்.

அறிகுறி: ஃபால்ஸ் கொடுத்தும் அணைய மறுக்கிறது

சூழல் மாறியில் வருவது எல்லாம் எழுத்துச்சரம். காலியாக இல்லாத எந்த எழுத்துச்சரத்தையும் பைத்தானின் பூல் ட்ரூ என்றே சொல்லும். ‘ஃபால்ஸ்’ என்று எழுதியிருந்தாலும்தான். கமாண்ட் லைனைப் படிக்கும் ஆர்க்பார்ஸில் டைப் என்று பூல் கொடுத்தாலும் இதே வலைதான். கமாண்ட் லைன் கொடிகளுக்கு ஸ்டோர்_ட்ரூ அல்லது பூலியன் ஆப்ஷனல் ஆக்‌ஷன் பயன்படுத்துங்கள். சூழல் மாறிக்கு, ஏற்கும் சொற்களின் பட்டியலோடு ஒப்பிடும் சிறிய ஃபங்ஷன் ஒன்று எழுதி, பட்டியலில் இல்லாத எது வந்தாலும் எரர் எழுப்புங்கள்.

அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

சார்புப் பாதை நிரல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை, நிரலை எங்கே நின்று ஓட்டுகிறோமோ அங்கிருந்து. குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரான் உங்கள் ஹோம் டைரக்டரியில் நின்று ஓட்டும். உங்கள் பாஷ்ஆர்சியையும் படிக்காது, பாத் மாறியும் மிகச் சுருக்கமாக இருக்கும். ஆகவே கான்ஃபிக் ஃபைலின் இருப்பிடத்தை நிரலின் ஃபைல் பாதையிலிருந்து (பைத்தானின் __ஃபைல்__ என்ற மாறி) பிடித்து முழுப் பாதையாக்குங்கள். கான்ஃபிக்குக்குள் இருக்கும் தரவுப் பாதைகளை அந்தக் கான்ஃபிக் ஃபைலின் இருப்பிடத்திலிருந்து கணக்கிடுங்கள். நோட்புக்கில் அந்த __ஃபைல்__ மாறி இருக்காது, அங்கே புராஜெக்டின் வேர் டைரக்டரியைக் கையால் கொடுக்க வேண்டியிருக்கும்.

கிரான் வரியிலேயே தேதி வடிவத்தைக் கொடுத்தால் சதவீதக் குறிக்கு முன் பின்சாய்கோடு போடுங்கள். கிரானுக்கு சதவீதக் குறி என்றால் புது வரி.

அறிகுறி: ஒன்றை மாற்றினேன், கூட இருந்தவை காணாமல் போயின

அடிப்படை ஃபைலில் ‘மாடல்’ என்ற கீக்குள் ஆழம், சீட் (ரேண்டம் எண்களின் தொடக்க மதிப்பு), வரம்பு என்று மூன்று உள்கீகள். சோதனைச் சூழலுக்கான ஃபைலில் மாடலுக்குள் ஆழம் மட்டும். இரண்டையும் அகராதியின் அப்டேட் வைத்துச் சேர்த்தால் மாடல் முழுவதும் மாற்றப்படும். சீடும் வரம்பும் போய்விடும். அப்டேட் மேல்மட்டத்தை மட்டுமே பார்க்கும். உள்ளே இறங்கிச் சேர்க்கும் ஃபங்ஷன் வேண்டும், பத்து வரிதான். எழுதும்போது பட்டியல்களை என்ன செய்வது என்பதை முடிவு செய்யுங்கள்: சேர்ப்பதா, மாற்றுவதா? என் ஓட்டு மாற்றுவதற்கே. சேர்த்தால் அடிப்படை ஃபைலில் இருக்கும் ஒரு உறுப்பை நீக்க வழியே இருக்காது.

அறிகுறி: ஃபைலையே படிக்க முடியவில்லை

யாமலில் உள்தள்ளலுக்கு டேப் ஆகாது, ஸ்பேஸ் மட்டும். முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் விடுங்கள். ஜேசனில் கமென்ட் இல்லை, கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி இல்லை. டாமல் (இன்னொரு கான்ஃபிக் வடிவம்) ஃபைலை பைத்தான் 3.11-இல் வந்த டாம்லிப் வைத்துப் படித்தால் பைனரி முறையில் திறக்க வேண்டும். விண்டோஸ் பாதையை யாமலின் இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் பின்சாய்கோடும் அடுத்த எழுத்தும் சேர்ந்து வேறு அர்த்தமாகும். ‘நியூ’ என்ற ஃபோல்டரின் முதல் எழுத்து புது வரியாகிவிடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள்.

கான்ஃபிக்கில் தமிழ் இருந்தால் ஒரு தனித் தொல்லை. விண்டோஸில் பைத்தான் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பல கணினிகளில் சிபி1252 என்ற பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8-இல் நம் மெய்யெழுத்தின் புள்ளி மூன்று பைட்டாக இருக்கும், அதில் கடைசி பைட் 8டி. சிபி1252-இல் அந்த இடம் காலி. அதனால் ‘சார்மேப்’ டீகோட் எரர் வரும். புள்ளியே இல்லாத ‘வகை’ போன்ற சொல் மட்டும் இருந்தால் எரரும் வராது, பேசாமல் குப்பையாகப் படித்துவிட்டு, பத்தி பெயர் பொருந்தவில்லை என்று பிறகு சொல்லும். புள்ளி வந்து எரர் கொடுப்பது நல்லகாலம் என்றுதான் சொல்ல வேண்டும். திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள்.

அறிகுறி: பாஸ்வேர்டு சரி, கனெக்‌ஷன் மறுக்கப்படுகிறது

ரெப்ர் போட்டு நீளத்தைப் பாருங்கள், குறைவாக இருக்கும். யாமலில் ஸ்பேஸுக்குப் பின் ஹேஷ் குறி வந்தால் அங்கிருந்து கமென்ட். ஐஎன்ஐ ஃபைல்களைப் படிக்கும் கான்ஃபிக்பார்சர் பயன்படுத்தினால் சதவீதக் குறி இன்டர்பொலேஷனாக (வேறு கீயின் மதிப்பை அங்கே செருகும் குறியாக) எடுக்கப்பட்டு எரர் வரும். இன்டர்பொலேஷனை நன் என்று வைத்து அணைத்துவிடலாம். அது கீ பெயர்களைச் சிற்றெழுத்தாக்கிவிடும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

அறிகுறி: போன மாதம் வந்த எண் இந்த மாதம் வரவில்லை

கான்ஃபிக் மாறியதா, தரவு மாறியதா, லைப்ரரி மாறியதா என்று தெரியாதவரை இதைத் தீர்க்க வழி இல்லை. இனிமேலாவது ஒவ்வொரு ரன்னின் வெளியீட்டு ஃபோல்டரிலும் இறுதி கான்ஃபிக்கின் நகல், கிட் கமிட் எண், லைப்ரரி பதிப்புகள், சீட், உள்ளீட்டு ஃபைல்களின் ஷா-256 (ஃபைலின் கைரேகை போன்ற ஹேஷ்) ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். சேமிக்க வேண்டியது நீங்கள் கொடுத்த ஃபைல் இல்லை, எல்லாம் சேர்ந்த பிறகான கான்ஃபிக். அன்றைக்கு ஜெயித்தது சூழல் மாறியாக இருந்தால் ஃபைலின் நகல் பொய்தான் சொல்லும். கான்ஃபிக்குக்கு ஹேஷ் எடுத்து ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதானால் முதலில் கீகளை வரிசைப்படுத்துங்கள், இல்லையென்றால் ஒரே கான்ஃபிக்குக்கு இரண்டு பெயர் வரும்.

அறிகுறி: கிட்இக்னோரில் போட்டும் பாஸ்வேர்டு ஃபைல் ரெப்போவில் தெரிகிறது

ஏற்கெனவே கிட் கண்காணிக்கும் ஃபைலை கிட்இக்னோர் தடுக்காது. ‘கிட் ஆர்எம்’ கட்டளையை கேஷ்ட் கொடியோடு கொடுத்து நீக்கி, கமிட் செய்யுங்கள். உங்கள் டிஸ்கில் ஃபைல் அப்படியே இருக்கும். ஆனால் பழைய கமிட்டுகளில் பாஸ்வேர்டு இன்னும் இருக்கிறது. வரலாற்றைத் திருத்த கிட் ஃபில்டர்-ரெப்போ இருக்கிறது. அதைச் சாவகாசமாகச் செய்யலாம், மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்த நகல்களை அதுவும் தொடாது. முதலில் டேட்டாபேஸுக்குப் போய் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.